சரளை வழியும் மிதிவண்டியும்

தோற்றுவாய்

"மும்பையின் எல்லை எது?" என்று ஒருவர் நம்மைக் கேட்டால் என்ன விடை கூறுவோம்? தாராவியில் இருப்பவர் சயான் என்பார். மாதுங்காவில் இருப்பவர் தாதர் என்பார். செம்பூரில் இருப்பவர் வாசி என்பார். படிக்கும் கல்லூரி, உறங்கும் வீடு, இரண்டையும் இணைக்கும் மின்ரயில்: இம்மூன்றுமே நமக்கு மும்பை. இந்நகரைச் சூழ்ந்து காடு இருக்கிறது, கழி இருக்கிறது, கடலோரச் சிற்றூர்கள் இருக்கின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நானும் அறியாதவனாகவே இருந்தேன். சாத்தான்குளத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்து, ஐந்து வயதில் தாராவிக்கு வந்தவன் நான். என் தந்தையார் அதற்கு முன்பே இங்கு வந்து, விடியற்காலையில் மிதிவண்டியில் இட்லி அண்டாவைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஊதுகுழலை அழுத்தியவாறே மாதுங்கா முதல் செம்பூர் வரை விற்று வந்தார். அந்த அண்டாதான் என் கல்விக் கட்டணத்தைக் கட்டியது. ஈராண்டுகளுக்கு முன் அவருக்கு முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. வண்டி சந்தின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து நின்றது. சென்ற மழைக்காலத்தின் முடிவில், அதைப் பழைய இரும்பு எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

அதே வாரத்தில்தான் நம் மன்றத்து நண்பர் ஒருவர், செம்பூர்க்காரர், புதியதொரு மிதிவண்டியுடன் வந்தார். "இது சரளை வண்டி, தார்ச்சாலையிலும் ஓடும், காட்டு வழியிலும் ஓடும்" என்றார். அதன் விலையைக் கேட்டேன். எங்கள் வீட்டின் பல மாத வருவாய் அது! ஆயினும், அவ்வண்டியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அறியும் ஆவல் எழுந்தது. அந்த ஆவலின் பயனே இக்கட்டுரை.

சரளை வண்டி என்பது யாது?

மிதிவண்டியின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1817இல் ஜெர்மானியரான கார்ல் டிரைஸ் என்பார் இரு சக்கரங்களுடைய மரவண்டி ஒன்றைச் செய்தார். அதற்குப் பெடல் இல்லை. காலால் தரையை உந்தி ஓட்ட வேண்டும். 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் செய்த 'ரோவர்' வண்டியே இன்றைய வண்டிகளின் முன்னோடி. 1888இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சக்கரத்தின் அதிர்ச்சி அடங்கியது. உலகம் மிதிவண்டியில் ஏறியது.

பின்னர், வண்டிகள் இரு பிரிவாயின. பந்தய வண்டியின் டயர் மெலிந்தது. அது தார்ச்சாலைக்கே உரியது. மலைவண்டியின் டயர் தடித்தது. அது பாறைக்கும் பள்ளத்திற்கும் உரியது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே சரளை வண்டி. கைப்பிடி பந்தய வண்டியைப் போல வளைந்திருக்கும். டயர் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகன்றிருக்கும். ஏற்றத்திற்கு உதவும் சிறிய கியர்களும், ஈரத்திலும் பிடிக்கும் தட்டு பிரேக்கும் இருக்கும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், எம்போரியா என்னும் ஊரில், 2006 முதல் 200 மைல் சரளைப் பந்தயம் நடந்து வருகிறது. அங்குள்ள சிக்கிமுக்கிக் கற்கள் டயரைக் கத்திபோல் கிழிக்குமாம்! 2022இல் இத்தாலியின் வெனேத்தோ பகுதியில் இதற்கென முதல் உலகப் போட்டியும் நடைபெற்றது.

இவற்றையெல்லாம் படித்த பிறகு, அளவுகோலை எடுத்துக்கொண்டு அப்பாவின் வண்டியிடம் சென்றேன். டயரில் '28 × 1½' என்று பொறித்திருந்தது. ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். வியப்பு மேலிட்டது. நண்பரின் விலையுயர்ந்த வண்டியில் உள்ள டயரின் அகலமும் ஏறத்தாழ அதுவே! நம் நாட்டின் சாதாரண வண்டி நல்ல சாலையை நம்பிச் செய்யப்பட்டதன்று. பால்காரரும், தபால்காரரும், இட்லிக்காரரும் மண் வழியிலும் கல் வழியிலும் சுமையோடு செல்ல வேண்டும் என்று கருதியே அதைச் செய்தார்கள். புதுமை என்று உலகம் கொண்டாடும் அகன்ற டயர், எங்கள் சந்தில் துருவேறி நின்றுகொண்டிருந்தது.

காற்றின் கணக்கு

ஆரே காட்டில் அவ்வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். முதல்நாள் இரவு டயரில் கல்போலக் காற்றடித்தேன். பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "ஏல, மண்ணுல போறதுன்னா காத்தக் கொஞ்சம் எறக்கிட்டு ஓட்டுல" என்றார். எனக்கு உள்ளூர நகைப்பு. டயர் இறுகினால்தானே எளிதில் உருளும்? இயற்பியல் படிப்பவன் நானல்லவா!

ஆரேயில், சரளை மண்டிய சரிவொன்றின் உச்சியில் கோடு கிழித்தேன். பெடலை மிதிக்காமல் வண்டியை உருளவிட்டு, அது எங்கே நிற்கிறது என்று குறித்தேன். பிறகு காற்றைக் குறைத்து மீண்டும் உருளவிட்டேன். இவ்வாறு மாறி மாறிச் செய்து பார்த்தேன். காற்றுக் குறைந்தபோதெல்லாம் வண்டி சில அடிகள் கூடுதலாகவே சென்று நின்றது! இஃது ஆய்வுக்கூடச் சோதனையன்று. வீசும் காற்றையும் என் உடலின் அசைவையும் நான் கட்டுப்படுத்தவில்லை. எனினும் ஒருமுறைகூட முடிவு மாறவில்லை.

காரணம் யாது? உருளும் வண்டி இரு வகையில் ஆற்றலை இழக்கிறது. முதலாவது, டயர் தரையில் அழுந்தி நசுங்கி மீள்கையில் ரப்பரில் வெப்பமாகப் போகும் ஆற்றல். காற்றை ஏற்றினால் இவ்விழப்புக் குறையும். வழவழப்பான சாலைக்கு இது பொருந்தும். இரண்டாவது, வண்டியும் மனிதனும் அதிர்வதால் போகும் ஆற்றல். இறுகிய டயர் ஒரு கல்லின்மீது ஏறும்போது, வண்டி முழுவதும், அதன்மேல் அமர்ந்த உடல் முழுவதும் தூக்கி எறியப்படுகிறது. முன்னே செல்ல வேண்டிய ஆற்றல் மேலே எழும்புவதில் வீணாகிறது. காற்றைக் குறைத்தால் டயரே கல்லை உள்வாங்கிக்கொள்ளும், வண்டி எழும்பாது. சரளையில் இரண்டாம் இழப்பே பெரிது.

அளவு எவ்வளவு? எளிய கணக்கு ஒன்றுண்டு. டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ, சுமையை அழுத்தத்தால் வகுத்த ஈவுக்குச் சமம். பின்சக்கரத்தின்மீது 45 கிலோ சுமை என்று கொள்வோம். சதுர செண்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தமானால், தரையைத் தொடும் பரப்பு ஏழரைச் சதுர செண்டிமீட்டர். அழுத்தத்தைப் பாதியாக்கி 3 கிலோ ஆக்கினால், பரப்பு 15. பிடிப்பும் கூடும், வழுக்கலும் குறையும். பஞ்சர் கடைக்காரரின் மொழியில் இந்த 3 கிலோ என்பது ஏறத்தாழ 43 பவுண்டு. இதற்கும் மிகக் குறைத்தால், டியூப் கல்லுக்கும் விளிம்புக்கும் இடையே சிக்கிக் கிழியும். அளவறிந்து குறைக்க வேண்டும்.

வீடு திரும்பி அப்பாவிடம் இவ்விளக்கத்தைக் கூறினேன். அவர் சிரித்தார். "எங்க காலத்துல தேரி மணல்ல அப்படித்தான் ஓட்டுவோம். இதுக்கா ஏல எம்.எஸ்ஸி. படிக்க?" என்றார். எங்கள் ஊர்ப்பக்கத்துச் செம்மணல் மேடுகளே தேரி. அதில் சைக்கிள் ஓட்டியவருக்குச் சமன்பாடு தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது, அவ்வளவே வேறுபாடு.

பழைய வண்டியின் குறையையும் மறைக்கலாகாது. முன்னே 44 பல், பின்னே 18 பல், ஒரே கியர். பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் ஓடும். நண்பரின் வண்டியிலோ, மிகச் சிறிய கியரில் இரண்டேகால் மீட்டர்தான் ஓடும். ஏற்றத்தில் அவர் அமர்ந்தபடியே மெல்ல ஏறுவார். நான் இறங்கித் தள்ளுவேன்.

வழிகள் மூன்று

இனி வழிகளைக் காண்போம். எளியதிலிருந்து அரியதற்குச் செல்வதே முறை.

முதலாவது, காட்டு வழி. போரிவிலியில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஒரு பெருநகரின் எல்லைக்குள் சிறுத்தைகள் வாழும் காடு உலகில் வேறெங்கு எளிதில் காணக் கிடைக்கும்? வாயிலில் மிதிவண்டி வாடகைக்கும் கிடைக்கும். அங்கிருந்து கான்ஹேரிக் குகைகள் ஆறேழு கிலோமீட்டர். இறுதியில் நல்ல ஏற்றம். கருங்கல்லைக் குடைந்த நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகளும், மழைநீரைச் சேமிக்கப் பாறையில் வெட்டிய தொட்டிகளும் அங்குண்டு. திங்கட்கிழமை விடுமுறை. இக்காட்டின் தெற்கே ஆரே பால்பண்ணைக் குடியிருப்பு, 1949இல் தோன்றியது. அங்கே 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டதையும், மாணவர்கள் திரண்டு எதிர்த்ததையும் நாம் மறக்கவில்லை. ஆரேயின் சிறு வழிகள் பல வார்லி ஆதிவாசிகளின் பாடாக்களுக்குச் செல்வன. அவை அவர்கள் வீட்டு முற்றம் என்னும் நினைவு நமக்கு வேண்டும்.

இரண்டாவது, கழிமுகக் கடற்கரை வழி. மலாடுக்கு மேற்கே மார்வே துறையில் படகேறினால் சில நிமிடங்களில் மனோரி. படகில் மிதிவண்டியையும் ஏற்றலாம். மனோரியிலிருந்து கோராய் வழியாக உத்தன் வரை தென்னையும், வயலும், பழைய கிறித்தவச் சிற்றூர்களும் மாறி மாறி வரும். உத்தனில் மூங்கில் கட்டைகளில் வரிசை வரிசையாகப் பொம்பில் மீன் உலரும். அதன் மணம் சிலருக்கு ஒவ்வாது. உவரியும் மணப்பாடும் கண்டவர்க்கு ஊர் நினைவு வரும். மாலைக்குள் பாயந்தர் வழியாகத் திரும்பிவிடலாம்.

மூன்றாவது, காடும் கடலும் சேர்ந்த வழி. அதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை. துறைமுகத்தின் மறுகரையில் மாண்ட்வா. அங்கிருந்து அலிபாக், ரேவ்தண்டா, காசித், முருட். ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 2024 சனவரியில் திறந்த பெரிய கடற்பாலத்தில் மிதிவண்டிக்கு இடமில்லை. ஆனால் 2020 முதல் பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு, வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் கப்பல் ஓடுகிறது. தாராவியிலிருந்து துறைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கடலில் ஒரு மணி நேரம்.

சென்ற டிசம்பரில் நண்பரும் நானும் புறப்பட்டோம். மாண்ட்வாவிலிருந்து அலிபாக் 20 கிலோமீட்டர். பெருஞ்சாலையை விட்டு விலகிச் சென்றால், வாடிகளுக்கிடையே பாக்கும் தென்னையும் நிழல் செய்யும் மண் வழிகள் உண்டு. அலிபாக்கில், கடல் வற்றும் வேளையில் நடந்தே செல்லக்கூடிய குலாபாக் கோட்டை நிற்கிறது. விஞ்ஞான மாணவர்கள் அறிய வேண்டிய இடம் மற்றொன்றும் அங்குண்டு. மும்பைக் குலாபாவில் 1841 முதல் பூமியின் காந்தத்தை அளந்து வந்தார்கள். 1859 செப்டம்பரில் வீசிய பெரும் காந்தப் புயலையும் அங்கே பதிந்தார்கள். நகரில் மின்சார டிராம் வரவிருந்தமையால், அளவு கெடும் என்று அஞ்சி, 1904இல் அலிபாக்கில் புதிய நிலையம் அமைத்தார்கள். நகரின் இரைச்சலிலிருந்து தப்பக் கருவிகளும் இக்கரைக்கே வந்தன!

அலிபாக்குக்குத் தெற்கே ரேவ்தண்டா. போர்ச்சுகீசியரின் கோட்டைச் சுவர்களுக்குள்ளே ஊரும் தோப்பும் இருக்கின்றன. குண்டலிகா ஆற்றின் பாலத்தைக் கடந்தால் கொர்லாய். அங்குள்ள கத்தோலிக்க மக்கள் போர்ச்சுகீசியமும் மராத்தியும் கலந்த ஒரு தனிமொழியை இன்றும் வீட்டில் பேசுகிறார்கள். 1740இல் போர்ச்சுகீசியர் அப்பகுதியை விட்டு அகன்றனர், மொழி அகலவில்லை. பள்ளிப் பாடமும் இன்றி, அரசின் துணையும் இன்றி, அடுப்பங்கரையிலேயே ஒரு மொழி இத்தனை தலைமுறை வாழ்ந்திருக்கிறது. தங்கையோடு இந்தியில் பேசத் தொடங்கிவிட்ட எனக்கு, அச்சிற்றூரில் சிறிது நேரம் பேச்சு எழவில்லை.

அதற்கப்பால் கடல் வலக்கை ஓரம், மலை இடக்கை ஓரம். காசித்தில் சவுக்கு மரங்களும் வெண்மணலும். காசித்தைக் கடந்தால் ஏற்றம். அம்மலைமேல் பரந்திருப்பதே பன்சாட் வனவிலங்கு சரணாலயம். 1986இல் அமைந்தது, ஏறத்தாழ 54 சதுர கிலோமீட்டர். மராட்டிய மாநில விலங்காகிய சேக்ரு என்னும் பெரிய அணில் அங்கு வாழ்கிறது. வனத்துறையினர் அனுமதிக்கும் வழியில் மட்டுமே செல்ல வேண்டும். வண்டியை விடச் சொன்னால் விட்டுவிட்டு நடக்க வேண்டும்.

கொங்கணத்தின் நிலவியலை ஒரு சொல்லில் கூறிவிடலாம்: நெருப்பும் நீரும். ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பொங்கிய எரிமலைக் குழம்பு உறைந்து கரும்பாறையாயிற்று. கடும் மழையிலும் வெயிலிலும் அது மக்கி, இரும்பு மிகுந்த செம்புறைக்கல்லும் செஞ்சரளையும் ஆயிற்று. காய்ந்த சரளை சிறு உருண்டைகளாகச் சக்கரத்தின்கீழ் உருளும். இதை நான் ஏட்டில் அறிந்திருந்தேன். உடம்பில் அறிந்தது, மலைவழியில் இறங்கும்போதுதான். என் வண்டியின் கம்பி பிரேக்கை இறுக அழுத்தினேன். முன்சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை! முழங்கையின் தோல் அங்கேயே தங்கிவிட்டது. சரளையில் இறங்குகையில் பின் பிரேக்கையே மிகுதியும் நம்ப வேண்டும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். திருப்பத்திற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இப்பாடத்திற்கு நான் கொடுத்த கட்டணம் அது.

நினைவில் கொள்ள வேண்டியவை

நவம்பர் முதல் பிப்ரவரி வரையே உகந்த காலம். மழை மாதங்களில் கேட்வேயிலிருந்து செல்லும் சாதாரண லாஞ்சுகள் நின்றுவிடும். சரளை வழி சேறாகும். மாற்று டியூப், ஒட்டுச் சாமான், கைப்பம்பு, ஸ்பானர் கட்டாயம் வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். தலைக்கவசம். இருட்டுமுன் காட்டை விட்டு வெளியேற வேண்டும். தனியே செல்லலாகாது.

இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. காசித்துக்கு மேலே ஒரு மண் வழியில், தலையில் மீன்கூடை சுமந்த மூதாட்டி ஒருவர் எதிரே வந்தார். நண்பர் மகிழ்ச்சியோடு, "ஆஜி, உங்கள் ஊர் வழி மிக நன்றாயிருக்கிறது!" என்று மராத்தியில் கூறினார். அம்மையார் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "நன்றாயிருந்தால் டெம்போ வந்திருக்குமே" என்றார். நாங்கள் வாயடைத்துப் போனோம். நமக்கு இன்பமாய் இருக்கும் சரளை, அவ்வூராருக்கு இன்னும் வந்து சேராத தார்ச்சாலை. மகப்பேற்றுக்கு விரைபவருக்கும், மீன் கெடுமுன் சந்தைக்குச் செல்பவருக்கும் அது துன்பமே. அவ்வழி என்றும் சரளையாகவே இருக்க வேண்டும் என்று விரும்பும் உரிமை நமக்கில்லை. மழைத்தேங்கிய தாராவிச் சந்தில் இட்லி அண்டாவோடு வண்டியைத் தள்ளிய என் தந்தையாரிடம், "சந்து அழகாயிருக்கிறது" என்று யாரேனும் சொல்லியிருந்தால் அவர் என்ன நினைத்திருப்பார்! ஆகவே, செல்வோம், அடக்கத்தோடு செல்வோம். அவ்வூர்க் கடையில் உண்போம், குப்பையைத் திருப்பிக் கொண்டுவருவோம், வழிவிட்டு ஒதுங்குவோம்.

முடிவுரை

"வேலையில்லாமல் சைக்கிள் மிதிக்கிறது வெட்டிவேலை" என்பது அப்பாவின் கொள்கை. அதில் தவறும் இல்லை. அவர் மிதித்த ஒவ்வொரு மிதிக்கும் கூலி உண்டு, குடும்பம் உண்டு. ஆனால் நான் திரும்பி வந்த இரவு அவர் உறங்காமல் காத்திருந்தார். முழங்கையைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் முதலில் பார்த்தார். செயினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அந்தக் கரைல என்னல இருக்கு?" என்று கேட்டார். மும்பைக்கு வந்து இத்தனை ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூட அத்துறையில் கப்பல் ஏறியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதுங்காவில் எந்த வாசலில் எத்தனை இட்லி என்று அறிந்தவர், எதிர்க்கரையை அறியவில்லை. அறிய நேரம் இருந்ததில்லை.

வண்டியை விற்கும் பேச்சு அதன்பின் எழவில்லை. பிரேக் கட்டைகளை மாற்றியிருக்கிறேன். பின்னே 22 பல் சக்கரம் போட்டிருக்கிறேன். ஏற்றம் சற்று எளிதாகும்.

தோழர்களே! சரளை வண்டி வாங்கப் பணமில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். உங்கள் வீட்டுச் சந்தில் பழைய வண்டி ஒன்று நின்றால், துடைத்து எண்ணெயிட்டுக் காற்றை அளவாக அடித்துக்கொண்டு வாருங்கள். வரும் டிசம்பர் விடுமுறையில் மன்றத்தின் சார்பில் மாண்ட்வா செல்லவிருக்கிறோம். முதல்நாள் அலிபாக் வரை மட்டுமே. மாணவியரும் வரலாம், புதியவரும் வரலாம். மிதிக்க இயலாதவர்கள் கப்பலில் மாண்ட்வா வரை வந்து, கடற்கரையில் இருந்துவிட்டுத் திரும்பலாம். அவ்வாறு வரவிருப்போர் பட்டியலில் முதற்பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. காலைச் சிற்றுண்டிப் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.